கையேடு தராத வன்பொருள்: யுனிக்ஸ் மரபு இயங்குதளங்களில் சாதன இயக்கிகள்

ஓர் இயங்குதளம் எந்தெந்த வன்பொருளோடு இயங்கும் என்று சொல்லும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. சாதனத்தின் பெயர், அதற்குரிய இயக்கியின் பெயர், இயங்கும் அல்லது இயங்காது. கணினி வாங்கப் போகிறவருக்கு இது போதும். ஆய்வாளருக்குப் போதாது. கெர்னல் நாளை மாறினால் இயக்கியையும் உடன் மாற்ற யாரால் முடியும்? வழு தெரியவந்தால் அதன் வேரை யார் தேடுவார்? தயாரித்த நிறுவனம் அந்தச் சில்லைக் கைவிட்ட பிறகு என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்குப் பட்டியலில் இடமில்லை. வன்பொருளின் கையேடு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இவற்றின் விடைகள் அமைகின்றன என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஓபன்பிஎஸ்டி திட்டத்தின் அனுபவமே இதற்கு முதன்மைச் சான்று. லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி, டெபியன் ஆகியவை ஒப்பீட்டுக்காக வருகின்றன.

டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்சனும் 1974-ல் யுனிக்ஸை விவரித்து எழுதிய கட்டுரை, சாதனங்களைச் சிறப்புக் கோப்புகள் என்று வகைப்படுத்தியது. வட்டு, நாடா, முனையம், எதுவானாலும் கோப்பு மரத்தில் அதற்கொரு பெயர் உண்டு. திறக்கலாம், படிக்கலாம், எழுதலாம், மூடலாம். உள்ளே நடப்பதும் சிக்கலற்றது. ஒவ்வொரு சிறப்புக் கோப்புக்கும் ஒரு முதன்மை எண். அந்த எண்ணைக் கொண்டு கெர்னல் தன் அட்டவணையில் ஒரு வரிசையை எடுக்கும். அந்த வரிசையில் இயக்கியின் செயற்கூறுகளுடைய முகவரிகள் இருக்கும். ஒரே வகைச் சாதனங்களில் எது என்பதைத் துணை எண் சொல்லும். இந்த நேர்த்தியைப் பாடநூல்கள் நிறையவே பாராட்டியிருக்கின்றன. ஆனால் அட்டவணைக்கு அப்பால் என்ன இருந்தது என்று அவை கேட்பதில்லை. ஆறாம் பதிப்பு யுனிக்ஸின் ஆர்கே வட்டு இயக்கியைப் பிரித்தால் தொடக்கத்திலேயே 177400 என்ற எட்டடிமான முகவரி கண்ணில் படும். அந்த முகவரியில் என்னென்ன பதிவகங்கள் உள்ளன, எந்த பிட் எதைக் குறிக்கிறது, பிழை நேர்ந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனம் பிடிபி-11 கணினிகளுக்காக வெளியிட்ட கையேடுகளில் அச்சாகியிருந்தன. பெல் ஆய்வகத்து இருவருக்கும் இது இயல்பான சூழல். அதைத் தனியே குறிப்பிடத் தேவையிருக்கவில்லை. யுனிக்ஸின் சாதன இடைமுகம் எளிமையாக இருக்க முடிந்ததற்கு, மறுபக்கத்தில் முழுமையான ஓர் ஆவணம் இருந்ததே காரணம். அந்த ஆவணம் இல்லாமற்போனால் அட்டவணையில் எழுதுவதற்கு எதுவும் இராது.

2000-களின் முற்பாதியில் கம்பியில்லா வலையட்டைகள் பரவியபோது நடந்தது அதுதான். ஏத்தெரோஸ் சில்லுகளுக்கான இயக்கி ஃபிரீபிஎஸ்டியிலும் லினக்ஸிலும் இருந்தது. ஆனால் வன்பொருளை நேரடியாகத் தொடும் பகுதி மட்டும், ஹால் என்ற பெயரில், மூலநிரல் இல்லாத இருமக் கோப்பாக வந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் வானொலிச் சட்டங்கள். மூலநிரல் வெளியானால் பயனர்கள் அனுமதிக்கப்படாத அலைவரிசைகளுக்கு அட்டையைத் திருப்பிவிடுவார்கள், ஒழுங்குமுறை அமைப்புகள் நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் என்றார்கள். இக்காரணத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை. உரிமம் பெற்ற அலைவரிசைகளில் குறுக்கீடு உண்மையான தீங்குதான். ஆனால் பிறகு நடந்தவை அக்காரணத்தைப் பொய்யாக்கின. ஓபன்பிஎஸ்டியின் ரைக் ஃப்ளோட்டர் அந்த இருமக் கோப்பின் நடத்தையை ஆராய்ந்து, அதற்கு மாற்றாகத் திறந்த நிரல் ஒன்றை எழுதினார். அது 2005-ல் ஓபன்பிஎஸ்டி 3.7-ல் இடம்பெற்றது. அதன் வழிவந்த ஏத்5கே இயக்கி 2008-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. அதே ஆண்டில் ஏத்தெரோஸ் நிறுவனம் தன் ஹாலின் மூலநிரலைத் தானே வெளியிட்டது. தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கி ஒன்றையும் தந்தது. எந்த நாட்டில் எந்த அலைவரிசை செல்லும் என்ற வரம்புகளை லினக்ஸ் இன்று யாவரும் படிக்கக்கூடிய ஒரு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. மறைத்துவைத்தால்தான் சட்டம் காக்கப்படும் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

அதே காலத்தில் தைவானின் ராலிங்க் நிறுவனம் தன் சில்லுகளின் ஆவணங்களை ஓபன்பிஎஸ்டி நிரலாளர்களுக்குத் தந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் இயலாது என்று சொன்னதைச் சிறிய நிறுவனம் செய்துகாட்டியது.

கம்பியில்லா அட்டையின் கதை பலருக்கும் தெரிந்தது. என் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று, குறைவாகவே பேசப்படும் ரெய்டு கட்டுப்பாட்டு அட்டைகளில் இருக்கிறது. இத்தகைய அட்டை பல வட்டுகளை ஒன்றாகக் கோத்து, ஒன்று கெட்டாலும் தரவு அழியாமல் காக்கும். இங்கே இயக்கி செய்யும் வேலை இரண்டு வகைப்படும். தரவைப் படிப்பதும் எழுதுவதும் ஒன்று. எந்த வட்டு கெட்டது என்று அறிவித்து, மாற்று வட்டில் தரவை மீண்டும் கட்டியெழுப்பத் தொடங்குவது மற்றொன்று. அடாப்டெக் நிறுவனத்தின் அட்டைகளுக்கு ஓபன்பிஎஸ்டியில் இயக்கி இருந்தது. முதல் வேலையை அது செய்தது. இரண்டாவதற்கு வேண்டிய ஆவணங்கள் கிடைக்கவில்லை. பட்டியலைப் பார்த்த எவரும் அந்த அட்டை இயங்குகிறது என்றே முடிவு செய்திருப்பார். நள்ளிரவில் ஒரு வட்டு செத்தால் அது வெளியே தெரியாது. இரண்டாவது வட்டும் சாகும்போதுதான் தெரியும். ரெய்டு வாங்குவதன் நோக்கமே அங்கு தோற்றுப்போகிறது. 2005-ல் ஓபன்பிஎஸ்டி அந்த இயக்கியைத் தன் பொதுக் கெர்னலிலிருந்து நீக்கியது. இருந்ததையும் எடுத்துவிட்டார்களே என்று பயனர்கள் கோபப்பட்டது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் அந்த முடிவு சரியானது என்பது என் கருத்து. பாதி வேலை செய்யும் இயக்கி, தன் குறையைத் தன் இருப்பாலேயே மறைக்கிறது. அடுத்த வெளியீடான 3.8-ல் பயோசிடிஎல் என்ற பொதுக் கட்டளை வந்தது. எல்எஸ்ஐ மெகாரெய்டு அட்டைகளின் வட்டு நிலையை இயங்குதளத்தின் சொந்தக் கருவியாலேயே காணவும் கையாளவும் முடிந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் தனி மென்பொருளையும் நிறுவிப் பழகும் தேவை போயிற்று.

மூலநிரல் இல்லாத இயக்கி இன்னொரு வகையிலும் கெர்னலைக் கட்டிப்போடுகிறது. லினக்ஸ் கெர்னலின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல. அவற்றை நிலைப்படுத்தப்போவதில்லை என்பதைக் கிரெக் குரோவா ஹார்ட்மன் எழுதிய ஆவணம் கெர்னலின் மூலநிரலுடனேயே வெளிப்படையாகச் சொல்கிறது. வன்பொருள் நிறுவனங்களுக்கு இது நீண்டகாலக் குறை. ஆனால் இக்கொள்கை இல்லாவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்று பாருங்கள். பல செயலிகள் கொண்ட கணினிகளுக்காக 1996-ல் லினக்ஸ் 2.0-ல் புகுந்த பெரும் கெர்னல் பூட்டு 2011-ல், 2.6.39 வெளியீட்டில்தான் முழுமையாக அகன்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் மூலநிரல் மரமெங்கும் சிதறிக்கிடந்த இயக்கிகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. திருத்தியவர்களிடம் அந்த வன்பொருள் பெரும்பாலும் இருந்திராது, மூலநிரல் இருந்தது. மரத்துக்கு வெளியே பூட்டிக்கிடந்த இயக்கிக்கு இந்த உழைப்பு எட்டாது.

மாற்று வழியையும் சோதித்துப் பார்த்தார்கள். விண்டோஸுக்கான வலையட்டை இயக்கிகளை அப்படியே ஏற்றி இயக்கும் ஏற்பாட்டை ஃபிரீபிஎஸ்டிக்காக பில் பால் எழுதினார். லினக்ஸில் என்டிஐஎஸ்ராப்பர் அதே வேலையைச் செய்தது. பொறியியல் திறன் என்ற அளவில் இரண்டும் வியக்கத்தக்கவை. அந்த நாளில் மடிக்கணினியை வலையோடு இணைக்க வேறு வழியற்ற பலருக்கு உதவின. ஆனால் அவை போலச்செய்தது பழைய விண்டோஸ் இடைமுகத்தை. அந்த இடைமுகம் காலாவதியானபோது அவையும் பின்தங்கின. ஃபிரீபிஎஸ்டி 14-ல் அந்த ஏற்பாடே இல்லை. கையேட்டிலிருந்து எழுதப்பட்ட அக்காலத்து இயக்கிகள் பல இன்றும் இருக்கின்றன.

பாதுகாப்பும் இதில் உண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸையும் ஓபன்பிஎஸ்டியையும் ஆராய்ந்து 2001-ல் வெளியிட்ட கட்டுரை, இயக்கிகளில் பிழை விகிதம் கெர்னலின் பிற பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை கூடுதல் என்று கண்டது. பிழை மிகுந்த இடத்தைத்தான் எவரும் படிக்க முடியாதபடி மூடிவைக்கச் சொல்கிறார்கள்.

இதுவரை சொன்னது வலுவாகத் தோன்றினாலும், இந்த வாதத்தில் ஒரு விரிசல் உண்டு. அது ஃபர்ம்வேர். கெர்னலுக்குள் ஓடும் மூடிய நிரலை ஓபன்பிஎஸ்டி ஏற்பதில்லை. அட்டையின் சொந்தச் செயலியில் ஓடும் ஃபர்ம்வேரையோ, தடையின்றி மறுவிநியோகம் செய்ய உரிமம் இருந்தால், ஏற்கிறது. கெர்னலின் முகவரி வெளியில் எது ஓடுகிறது என்பதே அங்கு எல்லைக்கோடு. 2005-ல் அது நியாயமான கோடு. நிறுவனங்கள் அந்தக் கோட்டைப் புரிந்துகொண்டு வேலையை அதற்கு அப்பால் நகர்த்தின. 2022 மே மாதம் என்விடியா தன் லினக்ஸ் கெர்னல் இயக்கியின் மூலநிரலை வெளியிட்டபோது பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால் சில்லைத் தொடங்கி நிர்வகிக்கும் பொறுப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே சில்லுக்குள் இருக்கும் தனிச் செயலிக்குப் போயிருந்தது. அதில் ஓடுவது மூடிய ஃபர்ம்வேர். அப்பால் இருப்பதால் அது தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. பிராட்காம் வைஃபை சில்லின் ஃபர்ம்வேரை வான்வழியாகக் கைப்பற்றி, அங்கிருந்து கைபேசியின் கெர்னலுக்குள் நுழையலாம் என்று கூகுள் புராஜெக்ட் ஜீரோவின் கால் பெனியாமினி 2017-ல் செய்துகாட்டினார். சாதனம் நினைவகத்தில் எதைத் தொடலாம் என்று வரையறுக்கும் ஐஓஎம்எம்யூ இந்த அபாயத்தைக் குறைக்கும். அதைச் சரியாக அமைப்பதும் இயக்கியின் வேலையே.

ஆகவே எல்லைக்கோட்டைக் கொண்டு மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது என்று கருதுகிறேன். ஃபர்ம்வேர் மூடியிருந்தாலும் அதோடு பேசும் முறை எழுத்தில் உள்ளதா என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். ஏஎம்டி 2007 முதல் தன் வரைகலைச் சில்லுகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. அதன் ஃபர்ம்வேர் இன்றும் மூடியதே. ஆயினும் லினக்ஸின் ஏஎம்டிஜிபியூ இயக்கி 2019-ல் ஓபன்பிஎஸ்டிக்குள் வந்து வேலை செய்தது. என்விடியா அட்டைகளில் வரைகலை முடுக்கம் ஓபன்பிஎஸ்டிக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. இது உண்மையான இழப்பு, அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. வரைகலை ஆராய்ச்சியோ இயந்திரக் கற்றலோ செய்கிறவர் அந்த இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இழப்பின் இன்னொரு வடிவத்தை டெபியன் எதிர்கொண்டது. கொள்கைக்கு உண்மையாக இருந்த அதன் நிறுவி, புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வைஃபையை இயக்கவே இயலாமல் நின்றது. 2022-ல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்க முடிவு செய்தார்கள். 2023-ல் வந்த டெபியன் 12 அப்படியே வெளியானது. இதைத் தோல்வி என்று சிலர் வருந்தினார்கள். அந்தத் தீர்மானத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அத்தகைய ஃபர்ம்வேருக்குக் களஞ்சியத்தில் தனிப் பிரிவு அமைந்தது. எந்தெந்த ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது என்று நிறுவி பயனருக்குச் சொல்லி, அதை நிறுவப்பட்ட கணினியிலும் பதிந்துவைக்க வேண்டும், வேண்டாம் என்பவர் தொடக்கத்திலேயே அதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்றும் தீர்மானம் சொன்னது. இயங்கும், இயங்காது என்ற இரண்டு கட்டங்களுக்கு அருகே மூன்றாவது ஒரு கட்டம் அங்கே வரையப்பட்டிருக்கிறது. அந்தச் சில்லின் கையேடு வெளியாகியிருக்கிறதா என்பதற்கான நான்காவது கட்டம் எந்த விநியோகத்தின் பட்டியலிலும் இன்னும் என் கண்ணில் படவில்லை; அதை நிரப்ப வேண்டிய தகவல்கள் இயக்கி எழுதியவர்களின் குறிப்புகளிலும் கையேட்டுப் பக்கங்களிலும் ஏற்கெனவே பெருமளவு கிடக்கின்றன.