தெற்குவாசல் முதல் கோரிப்பாளையம் வரை: மாமதுரையின் முஸ்லிம் தொல்சின்னங்கள்

மதுரை மாநகரின் தென்பகுதியில், அவனியாபுரம் செல்லும் சாலையில் அமைந்தது எம் ஊராகிய வில்லாபுரம். இங்கிருந்து நகருக்குள் செல்வோர் இருப்புப்பாதையின் மேலுள்ள பாலத்தைக் கடந்து 'தெற்குவாசல்' என்னும் இடத்தை அடைவர். இன்று அங்கே வாசல் இல்லை. நாயக்கர் காலக் கோட்டையின் தென்வாயிலை நினைவூட்டும் பெயர் மட்டுமே உண்டு. 1840களில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அங்கு வெளி வீதிகள் தோன்றின. பணியை மேற்பார்த்த மாரட், பெருமாள் ஆகியோர் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் ஏற்பட்டன. அரசர் எழுப்பிய கோட்டை அழிந்த இந்நகரில், முஸ்லிம்களின் தொன்மையை எடுத்துரைக்கும் சின்னங்கள் எவை? அவை நமக்குச் சொல்லும் செய்தி யாது?

தெற்குவாசலைக் கடந்து வடமேற்கே சென்றால் காஜிமார் தெருவும் அதன் பெரிய பள்ளிவாசலும் தென்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கு வந்த காஜி சையத் தாஜுத்தீன் (ரஹ்) அவர்களுக்குப் பாண்டிய மன்னர் அளித்த நிலத்தில் இப்பள்ளி எழுந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அக்காலச் சூழல் இச்செய்திக்கு அரண் செய்கிறது. பாண்டிய நாட்டிற்குக் கடல்வழியே குதிரைகள் பெருந்தொகையாக வந்ததை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராக விளங்கியதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்துள்ளார். இங்கு ஒன்று நோக்கத்தக்கது. காஜி என்பவர் படைத்தலைவர் அல்லர், நீதிபதி. திருமணம், வாரிசுரிமை, வணிக வழக்கு ஆகியவற்றைத் தீர்த்து வைக்க ஒருவர் தேவைப்படும் அளவிற்கு நிலைத்து வாழ்ந்த ஒரு சமுதாயத்தையே அப்பதவி காட்டுகிறது. மதுரை ஹஜ்ரத்மார் எனப் போற்றப்படும் மீர் அஹ்மத் இப்ராஹீம், மீர் அம்ஜத் இப்ராஹீம், அப்துஸ் ஸலாம் இப்ராஹீம் (ரஹ்) ஆகிய மூவரின் மக்பராவும் இப்பள்ளி வளாகத்திலேயே உள்ளது.

மதுரையில் சுல்தான்களின் தனியாட்சி தோன்றியது அதன் பின்னர்தான். ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ் 1335 அளவில் டெல்லியின் மேலாண்மையை உதறித் தனியரசு கண்டார். அவருடைய மகளை மணந்தவர் உலகப் பயணி இப்னு பதூதா. 1344 அளவில் மதுரைக்கு வந்த அவர், அகன்ற வீதிகளை உடைய பெருநகராக இதனை வருணிக்கிறார். தம் மாமனார் டெல்லியைப் போன்று இதனை அமைத்தார் என்றும், கொள்ளைநோய் ஒன்று இங்கு மக்களை வாரிக்கொண்டு போனது என்றும் எழுதுகிறார். அப்போது ஆட்சி புரிந்த கியாஸுத்தீன் தாமகானி அவருக்குச் சகலர், விருந்தோம்பிய அரசரும்கூட. எனினும் பெண்டிரையும் பிள்ளைகளையும் கொன்ற அவருடைய கொடுஞ்செயலை இப்னு பதூதா மறைக்கவில்லை. வன்மையாகக் கண்டித்தே எழுதினார். தம்மவர் பிழையையும் பிழையென எழுதும் இந்நேர்மை, நம் வரலாற்றை எழுதப் புகுவோர் அனைவர்க்கும் பாடமாகும். விஜயநகரப் படையெடுப்பால் 1370களில் அவ்வாட்சி முடிவுற்றது.

வைகையின் வடகரையில் உள்ளது கோரிப்பாளையம். 'கோர்' என்னும் பாரசீகச் சொல்லுக்கு அடக்கத்தலம் என்பது பொருள். சுல்தான் அலாவுத்தீன், சுல்தான் ஷம்சுத்தீன் ஆகியோரின் அடக்கத்தலங்கள் மீது நிற்கும் தர்காவின் பெருங்குவிமாடம், அழகர்மலையிலிருந்து கொணர்ந்த ஒரே கல்லால் ஆனது எனச் செவிவழிச் செய்தி கூறும். அம்மாடத்தினும் அருமையானது இங்குள்ள கல்வெட்டு. கூன் பாண்டியன் காலத்திலிருந்தே தர்காவுக்கு உரியனவாகக் கூறப்பட்ட சொக்கிகுளம், பீபிகுளம், திருப்பாலை, கண்ணனேந்தல் முதலிய ஊர்களின் உரிமையை, 1573ஆம் ஆண்டில் வீரப்ப நாயக்கர் உறுதி செய்ததை அது தெரிவிக்கிறது. கூன் பாண்டியன் என்னும் பெயர் ஏழாம் நூற்றாண்டு நெடுமாறனுக்கே மரபில் வழங்குவது. ஆகவே அப்பெயரைக் கொண்டு காலம் கணிப்பது பொருந்தாது. ஆனால் 1573 என்னும் ஆண்டு உறுதியானது. சுல்தான்களின் ஆட்சி மறைந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கடந்த பின்பு, ஆட்சியுரிமை ஏதுமற்ற ஒரு சமுதாயத்தின் உடைமையை இந்து மன்னர் ஒருவர் நிலைநிறுத்தினார் என்பதே இதன் சிறப்பு.

நகரின் மேற்கே, தேனி செல்லும் சாலையில் சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு பள்ளிவாசல் உள்ளது. இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்து மதுரையை ஆண்ட யூசுப் கான், 1763-64இல் கும்பினிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் இட்ட முற்றுகையைத் தாங்கி நின்றார். உடனிருந்தோர் காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அவரை அடக்கிய இடத்தில் 1808இல் எழுந்தது இப்பள்ளி. மீனாட்சியம்மன் கோயிலுக்கு அண்மையில் கான்சா மேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தூக்கிலேறியவரும் முஸ்லிம், அதற்குத் துணைநின்ற நவாபும் முஸ்லிம். சமயத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு வரலாற்றை அளக்க இயலாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சுல்தான்கள் டெல்லியைப் போல் அமைத்த நகரை இன்று காண இயலாது. நாயக்கர் கோட்டையும் தரைமட்டமாயிற்று. எஞ்சியவை தொழுமிடமும், அடக்கத்தலமும், உரிமையை உரைக்கும் ஒரு கல்லும். ஆயினும் திருப்பணி என்னும் பெயரால் பழைய சுவர்களில் பளிங்கும் ஓடும் பதிப்பதும், எழுத்துள்ள கற்களின் மீது வண்ணம் பூசுவதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பள்ளியை விரிவாக்குவது தேவையே. ஆனால் கல் ஒன்றைப் பெயர்க்கும் முன் அதனைப் படியெடுத்து, ஒளிப்படம் எடுத்து, அறிந்தோரிடம் காட்டி வாசித்தறிவது ஒவ்வொரு ஜமாஅத்தின் பொறுப்பாகும். ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் நமக்கிருந்த உரிமையைப் பிறர் மனம்கொள்ளும்படி உரைக்க, பெருமைப் பேச்சு உதவாது. 1573இல் செதுக்கிய அந்தச் சில வரிகளே உதவும்.