ஞாயிற்றின் அளவும் 1829 ஆம் ஆண்டுக் கிரகண வாதமும்

2010 ஜனவரி 15, பட்டிப் பொங்கல் நாள். நண்பகல் கடந்த வேளையில் அளவெட்டி உள்ளிட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டின் வானில் ஞாயிறு ஏறத்தாழ 10 நிமிடம் வளையமாகக் காட்சியளித்தது. முதல் நாள் பொங்கலிட்டு வணங்கப்பெற்ற ஞாயிற்றின் முகத்தில் ஆறில் ஐந்து பங்கை மதி மறைத்தது; எஞ்சிய ஒரு பங்கே பகலைப் பகலாக வைத்திருக்கப் போதுமாயிற்று. அத்துணைப் பெரும் பொருளின் மெய்யளவை எம் முன்னோர் எவ்வாறு கொண்டனர்?

1829 மார்ச் 20 இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை முன்னிட்டு, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புப் பிழையென வட்டுக்கோட்டைச் செமினரி அதிபர் டானியல் பூவர் முன்னரே சுட்டினார். அவர் கணிப்பே பொருந்திற்று. இதனை அறிவியல் மூடநம்பிக்கையை வென்ற நாளாகக் கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கொள்ளோம். பூவரின் இலக்குப் புராண அண்டகோசம். காட்டிய சான்றோ சித்தாந்தக் கணிதத்தின் நிமிடப் பிழை. பூமி உருண்டையென்பதும் அதன் நிழலே மதியை மறைப்பதென்பதும் சித்தாந்திகள் அறிந்தவையே.

அவர்களது பெரும்பிழை வேறிடத்தது. சூரிய சித்தாந்தம் பூமியின் விட்டம் 1600 யோசனை, மதியினது 480, ஞாயிற்றினது 6500 என்கின்றது. மதியளவு உண்மைக்கு மிக அண்மித்தது. ஞாயிறோ பூமியின் நான்கு மடங்காகச் சுருங்கிவிட்டது. உண்மையில் அது 109 மடங்கு.

கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் வீதியில் ஒரு சென்ரிமீற்றர் உருண்டையைப் பூமியென வைப்போம். சித்தாந்த ஞாயிறு 4.3 மீற்றர் தொலைவில் 4 சென்ரிமீற்றர் உருண்டை. மெய்ஞ்ஞாயிறு 117 மீற்றர் தொலைவில் ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட கோளம். பூமியிலிருந்து நோக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒரே பருமன். எனவேதான் தொலைவில் இத்துணைப் பிழையிருந்தும் கிரகணக் கணிதம் பெரிதும் பலித்தது. தொலைவை அளக்க 1761, 1769 ஆம் ஆண்டுகளின் வெள்ளி இடைநகர்வுகள் வேண்டியிருந்தன. பின்னதற்காகப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீலை முகில் ஏமாற்றியது. ஆயினும் தமிழரின் கிரகணக் கணிதத்தை அவர் அங்கே கற்றுக்கொண்டார்.

ஞாயிறு எதனால் எரிகின்றது என்பதைச் சாஸ்திரியாரும் அறியார், பூவரும் அறியார். ஐதரசன் அணுக்கருக்கள் இணைந்து ஈலியமாதலே காரணமென 1920 இல் எடிங்டன் ஊகித்தார். 1939 இல் பெத்தே வழியை விளக்கினார். விநாடிதோறும் 40 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட திணிவு அங்கே சக்தியாகின்றது. அதில் 220 கோடியில் ஒரு பங்கே பூமிக்கு வருவது. தெளிந்த நண்பகலில் அளவெட்டியின் ஒரு பரப்புத் தோட்டத்தில் விழுவது ஏறத்தாழ 250 கிலோவாற்று.