ஐம்பதில் நிற்பது

பன்னிரண்டு வயது வாக்கில் ஆரம்பிக்கும். ஐம்பது வாக்கில், உடம்பு பழுத்ததும் தானாக நின்றுவிடும்.

மாதவிடாய் நிற்பதைப் பற்றி சுஸ்ருத சம்ஹிதை சொல்வதன் சாரம் இவ்வளவுதான். மூல வியாதிக்கும் பாம்புக்கடிக்கும் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கிய நூல் அது. 101 யந்திரங்கள் என்று அறுவை சிகிச்சைக் கருவிகளையே எண்ணி வைத்த நூல். மெனோபாஸுக்கு மட்டும் ஒரு வரி.

மறந்துவிட்டார்களா? இல்லை. அவர்கள் கணக்கில் அது வியாதியே அல்ல. நரை மாதிரி, வயசின் ஒரு கட்டம். சின்ன வயசில் கபம், நடு வயசில் பித்தம், முதுமையில் வாதம் ஓங்கும் என்பது சித்தாந்தம். அதற்கு என்ன வழி? தினமும் எண்ணெய் தேய்த்துக்கொள், முக்கியமாகத் தலை, காது, பாதம் மூன்றையும் விட்டுவிடாதே என்கிறார் வாக்படர். அளவான சாப்பாடு, நல்ல தூக்கம். ஆண், பெண் இருவருக்கும் இதேதான்.

உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். நடுராத்திரியில் வியர்த்து விழித்துக் கிடக்கும் பெண்ணைப் பற்றி அந்த ஒற்றை வரியில் ஒன்றுமே கிடையாது.

அதை வியாதியாக்கிய கதை மேற்கே நடந்தது. 1875. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்ற ஊர். 1873 பொருளாதாரச் சரிவில் கணவரின் தொழில் படுத்துவிட, லிடியா பின்காம் என்கிற அம்மணி வீட்டில் காய்ச்சிய மூலிகைக் கஷாயத்தை பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார். மாதவிடாய்க் கோளாறு முதல் மெனோபாஸ் வரை சகலத்துக்கும் ஒரே மருந்து. அதில் நம்ம வெந்தயமும் உண்டு. கெடாமல் இருக்க என்று சொல்லிச் சேர்த்த சுமார் 18 சதவிகித ஆல்கஹாலும் உண்டு!

'திருமதி பின்காமுக்கு எழுதுங்கள்' என்றது விளம்பரம். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்ட பெண்கள் எழுதிக் குவித்தார்கள். 1883-ல் அம்மணி இறந்துபோனார். அந்த விளம்பரம் மட்டும் நிற்கவே இல்லை. 1905-ல் லேடீஸ் ஹோம் ஜர்னல் பத்திரிகை அவருடைய கல்லறை போட்டோவை அச்சிட்டு மானத்தை வாங்கியது.

அடுத்து மாத்திரை. 1942-ல் பிரிமரின் வந்தது. சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன். உடம்பு திடீரென்று அனலாய்க் கொதிக்கும் தொந்தரவுக்கு நிஜமாகவே கேட்டது. அதோடு விட்டிருக்கலாம். 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர் 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மெனோபாஸ் ஒரு குறைபாட்டு நோய், ஹார்மோன் எடுத்துக்கொண்டால் என்றென்றும் இளமை என்றார். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது.

காமர்ஸ் படித்தவனுக்கு இது பழகிய கணக்கு. முதலில் தேவையை உண்டாக்கு, பிறகு சரக்கை விற்றுக்கொள்ளலாம்.

1975-ல் முதல் அடி. ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிட்டால் கருப்பைப் புற்றுநோய் அபாயம் என்றன ஆய்வுகள். கூடவே இன்னொரு ஹார்மோனைச் சேர்த்துச் சமாளித்தார்கள். 2002 ஜூலையில் இடியே விழுந்தது. 16,608 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் கூடியிருந்தன. ஹார்மோன் எடுத்த பலர் பயந்துபோய் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள்.

பயமும் அளவு மீறியதுதான். வருஷத்துக்குப் பத்தாயிரம் பேரில் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய். ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயதோ 63. அறுபதுக்குள், தொந்தரவு அதிகம் உள்ளவர்களுக்கு நன்மையே கூடுதல் என்பது பிறகு தெளிவானது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெட்டி மேலிருக்கும் கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது.

மாத்திரையைக் கண்டு பயந்தவர்களுக்கு மூலிகை மறுபடி கை கொடுத்தது. இம்முறை ஆயுர்வேத லேபிளோடு. சதாவரியை, அதாவது நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கைப் பழைய நூல்கள் தாய்ப்பாலுக்கும் தெம்புக்கும் சொல்லின. இன்றைய பாட்டில் மெனோபாஸுக்கு என்கிறது. இயற்கைதானே, என்ன ஆகிவிடும்? 2004-ல் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் என்று ஏதாவதொன்று இருந்தது.

எண்ணெய்க் குளியலும் நடையும் நல்ல தூக்கமும் யாரையும் கெடுக்காது. ஆனால், நின்று ஒரு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் கண்டால் கஷாயம் குடித்துக் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டர். எலும்பு தேய்வதற்கும் லேகியம் மட்டும் போதாது.

சுஸ்ருதர் அதை வியாதிக் கணக்கில் சேர்க்கவில்லை. சரிதான். அதற்காக, வீட்டில் ஒருத்தி தூக்கமில்லாமல் தவிக்கும்போது 'வயசானா அப்படித்தான்' என்று திரும்பிப் படுத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை.