காற்றை நிறுத்த கம்பி

காமர்ஸ் படித்த வங்கிக்காரனுக்கு இன்ஜினில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் வரவு செலவுக் கணக்குதான். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் புகை. பெட்ரோல் குறைந்தால் இழுவை இருக்காது.

கார்புரேட்டர் இந்தக் கணக்கைக் குத்துமதிப்பாகப் போட்டது. அமெரிக்காவில் புகைச் சட்டங்கள் இறுகியதும் அது போதவில்லை. 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்த போஷ் டி-ஜெட்ரானிக், குழாயின் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றை ஊகித்தது. 1970-களின் எல்-ஜெட்ரானிக்கில் காற்று தள்ளித் திறக்கும் ஒரு தகடு இருந்தது. அது அளந்தது கன அளவைத்தான். மலைமேல் காற்று லேசு அல்லவா? நோட்டுகளை எண்ணிவிட்டு அவை பத்தா, நூறா என்று பார்க்காத கேஷியர் மாதிரி!

1980-களில் எல்ஹெச்-ஜெட்ரானிக் சூடான பிளாட்டினம் கம்பியோடு வந்தது. ஓடும் காற்று கம்பியைக் குளிர்விக்கும். சூடு குறையாமல் காக்கத் தேவைப்படும் மின்சாரமே காற்றின் எடையைச் சொல்லிவிடும். இதற்கான கணிதத்தை 1914-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எல். வி. கிங் எழுதிவைத்துவிட்டார்.

கம்பியில் தூசு படிந்தால் கணக்கு தப்பும். லீவுக்கு ஊர்வரை காரிலேயே போகிறவர்களே, கிளம்புமுன் ஏர் ஃபில்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.