முறைத்தே மேய்க்கும் நாய்

பார்டர் கோலி நாய் ஆடு மேய்க்கும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். குரைக்காது, கடிக்காது. தரையோடு பம்மி, இமைக்காமல் முறைத்தபடி ஓரடி வைக்கும். அத்தனை செம்மறிகளும் அது நினைத்த பக்கம் திரும்பிவிடும். இந்த முறைப்பின் பின்னால் நானூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

தொடக்கத்தில் இருப்பது ஓர் இல்லாத மிருகம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவர் ஜான் கேயஸ் 1570இல் பிரிட்டனின் நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஓநாய் உள்ள நாடுகளில் மேய்ப்பனின் நாய் அதோடு மல்லுக்கட்டப் பெருத்திருக்கும். இங்கிலாந்தில் ஓநாய் இல்லை, நடுத்தர உடம்பே போதும் என்றார். எஜமானின் குரலையோ சீழ்க்கையையோ கேட்டு ஆடுகளைத் திரட்டி வருவதுதான் இங்கே அதன் வேலை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வேலைக்குத் திடீர்க் கிராக்கி வந்தது. ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட்ஸ் மலைப்பகுதி நிலக்கிழார்கள், குத்தகைக் குடிகளைவிட ஆடுகளே லாபம் என்று கணக்குப் போட்டார்கள். கேலிக் மொழி பேசிய குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளிலிருந்து விரட்டப்பட்டன. பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். வெறிச்சோடிய மலைகளுக்குத் தெற்கிலிருந்து செவியட் ஆடுகளும் மேய்ப்பர்களும் நாய்களும் வந்து சேர்ந்தன. ஒரு கிராமமே வாழ்ந்த இடத்தைச் சில மேய்ப்பர்களால் ஆள முடிந்ததென்றால், அதில் இந்த நாயின் கால்களுக்கும் பங்குண்டு. அதன் பெருமையைப் பேசும்போது அந்தக் குடும்பங்களை மறப்பது நியாயமாகாது.

ஸ்காட்லாந்தின் எல்லைப்புற எட்ரிக் பகுதியின் மேய்ப்பரும் கவிஞருமான ஜேம்ஸ் ஹாக் தம் நாய் சிர்ராவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர் இரவில் 700 ஆட்டுக்குட்டிகள் மிரண்டு மூன்று கூட்டமாகச் சிதறின. இருட்டில் தேடி அலுத்துப்போன மனிதர்கள் விடியலில் கண்டது, ஒரு பள்ளத்தாக்கில் மந்தை முழுவதையும் சேர்த்துக் காத்து நின்ற சிர்ராவை. ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

ஸ்காட்டியர்கள் போன இடமெல்லாம் நாயும் போனது. 1855இல் நியூசிலாந்தில் ஜேம்ஸ் மெக்கன்சி ஆயிரம் ஆடுகளைத் திருடியதாகப் பிடிபட்டார். உடனிருந்தது ஒரே ஒரு நாய். ஒன்பது மாதச் சிறைக்குப்பின் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவர் ஓட்டிப்போன வெளிக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஜாக் கிளீசன் என்பவர் தம் குதிரையைக் கொடுத்து ஒரு கோலிக் குட்டியை வாங்கினார். வெயில் தாங்கும் கெல்பி இனத்தின் பெயர் அந்தக் குட்டியுடையது.

இதற்கிடையே கோலி இனம் இரண்டு கிளையாகப் பிரிந்தது. பால்மொரல் மாளிகையில் விக்டோரியா மகாராணி கோலிகளை வளர்த்ததும், பணக்காரர்களுக்கும் ஆசை வந்தது. கண்காட்சிக்காக நீண்ட மூக்கும் அடர்ந்த முடியுமாக ஒரு கிளை உருவாகி, 1943இல் ‘லாஸி’யாகத் திரையேறியது. அதில் பெண் நாயாக நடித்த ‘பால்’ (Pal) உண்மையில் ஆண் நாய்.

மற்றொரு கிளை மலையிலேயே நின்றது. 1873இல் வேல்ஸின் பாலா ஊரில் மேய்ச்சல் நாய்ப் போட்டி நடந்தது. வென்றவர் அங்கே குடியேறிய ஒரு ஸ்காட்டியர். 1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் ஒரு சாதுவான நாயையும் கூச்சமுள்ள, பார்வை கூரான பெட்டையையும் சேர்த்தார். பிறந்தது ‘ஹெம்ப்’. சத்தமில்லாமல் முறைத்தே மந்தையை நகர்த்தும் அதன் பாணியைக் கண்டு மேய்ப்பர்கள் அதனிடம் குட்டி எடுக்க வரிசைகட்டினார்கள். இன்றைய பார்டர் கோலிகள் ஏறக்குறைய எல்லாமே அதன் வழிவந்தவை.

1995இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இந்த இனத்தைக் கண்காட்சிக்குச் சேர்த்தபோது, தோற்றத்துக்காக வளர்த்தால் வேலைத்திறன் போய்விடும் என்று வேலைக்கு நாய் வளர்த்தவர்கள் பலமாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம் என்பேன். ‘சேசர்’ என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றது. அந்த மூளையை வளர்த்தது மலையும் மந்தையும்தான். ஆகவே வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு குட்டி வாங்க நினைப்பவர்கள், நாள் முழுக்க அதற்கு என்ன வேலை தரப்போகிறோம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.