காடழித்த தீயும் தீயில்லா மறுநடவும்

மலேசியத் தமிழர் தம் முன்னோரைப் போற்றும் மேடைகளில் 'காடழித்து நாடாக்கினர்' என்னும் தொடர் அடிக்கடி ஒலிக்கும். மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய இடங்களில் இன்று புழங்குவோருள் பலர் தோட்டத்து வேருடையவர். ஆதலின் அத்தொடர் நமக்குக் குடும்ப வரலாறும் ஆகும். காடழிப்பு, புவி வெப்பமடைதலின் காரணங்களுள் ஒன்றாக எண்ணப்படும் இக்காலத்தில், அப்பெருமையை நம் பெயரர்க்கு எவ்வாறு எடுத்துரைப்பது?

முதற்கண் வரலாற்றைச் செம்மை செய்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்காகக் காடு வெட்டியோருள் மலாய்க்காரரும் சீனரும் ஜாவானியரும் பலர். களையெடுத்துப் பால் வெட்டியோர் பெரும்பாலும் தமிழர். வெட்டிய மரங்களைக் காயவிட்டுக் கொளுத்துவதே அன்றைய முறை. தீ மலிவானது, விரைவானது. சாம்பல் சிறிது காலம் உரமும் ஆகும். 1917இல் ஹென்றி ஃபாகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், கோல சிலாங்கூர்ப் பகுதியில் தமிழ்ப் பெயர் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில், வணிக நோக்கில் செம்பனையைப் பயிரிட்டார். செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுநடவு செய்தல் வேண்டும். எனவே காட்டை எரித்த தீ, தலைமுறைக்கு ஒருமுறை தோட்டத்துக்குள்ளும் மூட்டப்பட்டது.

இவ்வழக்கத்தை மாற்றும் முயற்சி தோட்டத் துறைக்குள்ளேயே பிறந்தது. கோல்டன் ஹோப் நிறுவனம் எரிப்பில்லா மறுநடவைப் பெருமளவில் மேற்கொண்டு, 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' சிறப்பைப் பெற்றது. முதிர்ந்த மரத்தைச் சாய்த்து, தண்டைச் சிறு துண்டுகளாகச் சீவி, வரிசையாக அடுக்கி, நிலத்தை மூட அவரையினக் கொடிகளை விதைப்பர். ஏறத்தாழ ஈராண்டில் தண்டு மக்கிவிடும்.

மக்கும்போதும் கரியமில வாயு வெளியேறும் என்பது உண்மையே. எனினும் கரிமத்தில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. தீயின் புகை தவிர்க்கப்படுகிறது. சத்துகள் மண்ணுக்கே திரும்புவதால் செயற்கை உரத்தின் தேவையும், அதனால் எழும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைகின்றன. இடரும் உண்டு. மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றைத் துளைக்கும். அதனாலேயே கொடிகள் தண்டை விரைந்து மூடவேண்டும்.

1997ஆம் ஆண்டின் கொடும் புகைமூட்டத்திற்குப் பின், 1999இல் ஆசியான் நாடுகள் எரிப்பில்லாக் கொள்கையை ஏற்றன. எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய உடன்படிக்கை 2002இல் கோலாலம்பூரிலேயே கையெழுத்தாயிற்று.

தீயை விலக்கியதோடு கடமை முடிந்துவிடவில்லை. மலாயில் 'காம்புட்' எனப்படும் சதுப்பு மண்ணில் வடிகால் வெட்டி நீரை வற்றச் செய்தால், தீயின்றியே அதன் கரிமம் காற்றில் கலக்கும். எண்ணெய் ஆலைகளின் கழிவுநீர்க் குட்டைகளில் எழும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் 25 மடங்குக்கும் மேலாக வெப்பமூட்ட வல்லது. குட்டையை மூடி அவ்வாயுவைப் பிடித்தால் மின்சாரம் ஆக்கலாம்.

நாம் போற்றவேண்டியது முன்னோரின் உழைப்பை. அவர்கள் காலத்துத் தீயை அன்று. எரிக்காமல் நடக் கற்ற காலத்திலும் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். கொடி விதைத்தும் வண்டு பொறுக்கியும் அவர்கள் பெற்ற பட்டறிவும், அதற்கென வழங்கிய சொற்களும் நம் தோட்ட வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை. அத்தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. அவர்களைக் கேட்டு எழுதிவைக்கும் பணி காலம் தாழ்த்தற்குரியதன்று.