ஈ-டைப்: தகட்டுக்கு அடியில்

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் நீண்ட மூக்கை விட்டு நகர்வதே இல்லை. அந்தப் புகழ்ச்சி தகும். வடிவம் தந்த மால்கம் சேயர் பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். காற்றின் ஓட்டத்தைக் கணக்குப் போட்டே வளைவுகளை வரைந்தார். 1955 முதல் 1957 வரை லே மான் பந்தயத்தில் மூன்று ஆண்டும் வென்ற டி-டைப்பும் அவர் கைவண்ணம்தான். ஆனாலும் ஈ-டைப்பின் பெரிய சாதனை பின்சக்கரங்களுக்கு நடுவே மறைந்து கிடக்கிறது என்பேன்.

அக்காலத்து ஃபெராரி 250 ஜிடியிலும் ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 காரிலும் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே ஆக்ஸிலில் பிணைக்கப்பட்டிருந்தன. ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். டி-டைப்பிலும் அதே ஆக்ஸில்தான். வழுவழுப்பான லே மான் சாலைக்கு அது போதும், வாங்கி ஓட்டுகிறவரின் ஊர்ச் சாலைக்குப் போதாது. ஜாகுவார் பொறியாளர் பாப் நைட் டிஃபரன்ஷியலை ஓர் எஃகுக் கூட்டுக்குள் வைத்து, சக்கரங்களைத் தனித்தனியே ஏறி இறங்க விட்டார். சக்கரத்தைச் சுழற்றும் சாஃப்ட்டே அதைப் பிடித்து நிறுத்தும் மேல் கையாகவும் உழைத்தது. பக்கத்துக்கு இரண்டு காயில் ஸ்பிரிங். டிஸ்க் பிரேக்குகள் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே வந்தன. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைந்ததால் டயர் தரையை விடவில்லை. கூடு முழுவதும் ரப்பர் வழியாகவே பாடியில் தொங்கியது, அதனால் சத்தமும் உள்ளே வரவில்லை. இவ்வளவும் இங்கிலாந்தில் வரியோடு 2,000 பவுண்டுக்குச் சற்றே மேல். டிபி4 ஏறக்குறைய அதன் இரு மடங்கு!

சாஃப்ட்டைக் கையாக்கும் யோசனை லோட்டஸ் கார்களில் முன்பே இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அதை ஆயிரக்கணக்கில் செய்து இந்த விலைக்கு விற்றதைத்தான் நான் சாதனை என்கிறேன். பத்திரிகைகளின் சோதனைக்குத் தந்த கார்கள் தனிக் கவனத்தோடு தயாரானவை, மணிக்கு 150 மைல் வேகம் சாதாரண வாடிக்கையாளருக்கு எட்டவில்லை என்பதும் உண்மை. முதல் கியரில் சிங்க்ரோமெஷ் வர 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவை இரண்டும் பின்பக்க அமைப்பைத் தொடாத குறைகள். தொடுகிற குறை ஒன்று உண்டு: பிரேக்கின் சூடு டிஃபரன்ஷியலின் ஆயில் சீலைப் பதம் பார்க்கும். டிஸ்க்கை மாற்ற மெக்கானிக் பெரும்பாலும் கூட்டையே கழற்றி இறக்க வேண்டும். உள்ளே வைத்த பிரேக்குக்கு ஈ-டைப் கொடுத்த விலை அது, மறைக்க வேண்டியதில்லை. ஜாகுவாரும் மறைக்கவில்லை. 1986-ல் வந்த புதிய எக்ஸ்ஜே6 காரில் பிரேக்குகள் சக்கரத்துக்கே திரும்பிவிட்டன. சாஃப்ட்டே மேல் கையாக உழைக்கும் ஏற்பாடு மட்டும் அந்தக் காரிலும் அப்படியே இருந்தது.